நீல டேப் ஒட்டிய இடம்

புது வீடு வாங்கியவன் பில்டரின் பின்னால் அலைவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கதவு சாத்தவில்லை, பாத்ரூமில் தண்ணீர் வாட்டம் சரியில்லை, சுவரெல்லாம் விரிசல் என்று செருப்புத் தேய நடப்பான். 'அடுத்த வாரம் ஆள் அனுப்பறோம்' என்பார்கள். அந்த அடுத்த வாரம் எந்தக் காலண்டரிலும் இருக்காது. ஆனால் பில்டரின் ஆபீசுக்கே போய், நடந்துகொண்டிருக்கிற ரிப்பேரை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சியவன் கோயம்புத்தூரில் நவநீதன் ஒருவனாகத்தான் இருப்பான்.

வரவேற்பில் இருந்த பெண்ணுக்குத் தன் காதில் ஏதோ தப்பாக விழுந்துவிட்டது என்று தோன்றியது.

"ரிப்பேர் இன்னும் ஆரம்பிக்கலைங்கறீங்களா சார்?"

"ஆரம்பிச்சாச்சுங்க. நல்லாவே நடக்குது. அதைத்தான் நிறுத்தோணும்ங்கறேன்."

அவள் திரையைப் பார்த்தாள். புகார் வகை என்ற இடத்தில் 'தொடங்கவில்லை', 'தாமதம்', 'திருப்தி இல்லை' என்று இருந்தன. 'வேண்டாம்' என்று ஒரு வகை இல்லை. அப்படியும் ஒருவன் வந்து நிற்பான் என்று அதைத் தயாரித்தவருக்கு எப்படித் தெரியும்? அவள் கொஞ்சம் யோசித்து 'திருப்தி இல்லை' என்பதைத் தொட்டுவிட்டு, மலர்ந்த முகத்தோடு சொன்னாள்: "இன்னும் வேகமா முடிக்கச் சொல்லிடறேங்க சார்."

"ஐயோ, வேண்டாம்மா." நவநீதன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "வேகமா முடிச்சிராதீங்க. தயவு பண்ணுங்க." பின்னால் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

குறை கண்டுபிடிப்பது நவநீதனுக்குப் பிழைப்பு. பம்ப்செட் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதகன். கண்ணுக்குத் தெரியாத கீறலைக்கூட விரலால் தடவிச் சொல்லிவிடுவான். கழித்துக்கட்ட வேண்டிய உருப்படியில் நீல டேப்பை ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவான். அந்தப் புத்தி கம்பெனி வாசலோடு நிற்காது. பெண் பார்க்கப் போன வீட்டில் காபி டம்ளர் லேசாக ஆடுகிறது என்று சொன்ன ஆள். மனைவி சிந்துஜா அதைச் சொல்லிச் சொல்லியே பத்து வருஷம் சிரித்தாள். இப்போது சொல்வதில்லை.

காளப்பட்டிக்கு அந்தப் பக்கம், பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் ஐந்தாவது மாடி. அந்த வீட்டை அவர்கள் வாங்கியதே உயிர்ப்பூச்சுக்காகத்தான். சுண்ணாம்பு கக்குகிற நுண்ணுயிர்களைக் கலந்து பூசிய சுவர். கீறல் விழுந்தால் உள்ளே ஈரம் இறங்கும், ஈரம் பட்டதும் அவை விழித்துக்கொள்ளும், கீறலை அடைத்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். நம் தோலில் சிராய்ப்பு ஆறுகிற மாதிரிதான். ஆணி மட்டும் அடிக்கக் கூடாது என்பது நிபந்தனை. விளம்பரத்தில் ஒரு வயதானவர் சுவரைத் தட்டிக்கொடுத்து, "என் பேரனுக்குப் பேரனும் இதுலதான் இருப்பான்" என்பார். நவநீதன் அந்த விளம்பரத்தில் மயங்கவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டான்.

பூச்சு வேலை நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் வீட்டைப் பார்க்கப் போனார்கள். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த சுவர் அப்போதுதான் பூசி ஈரமாக இருந்தது. அவர்கள் மகள், ஐந்து வயது தாரிகா, யாரும் பார்க்காத நேரத்தில் போய் வலது கையை அதில் அழுத்திவிட்டாள். ஐந்து விரலும் அச்சாக விழுந்தது. சுண்டுவிரல் மட்டும் சற்று மடங்கி, அவளுக்கு இருப்பது போலவே. கொத்தனார் மட்டப்பலகையைத் தூக்கியபோது சிந்துஜாதான் தடுத்தாள். "இருக்கட்டும் விடுங்கண்ணா. அவ வீடுதான?"

சாவி வாங்கிய அன்று நவநீதன் நீல டேப்போடு வந்தான். ஜன்னல் ஓரம், தரை மூலை, கதவு நிலை என்று ஒட்டிக்கொண்டே போனான். தாரிகா டேப் சுருளைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

"எதுக்குப்பா ஒட்டறீங்க?"

"குறை இருக்கற எடத்துல ஒட்டோணும் சாமி. அப்பத்தான் அவிய வந்து சரி பண்ணுவாங்க."

ஹால் சுவருக்கு வந்ததும், கம்பெனியில் வேலை பார்த்த பழக்கத்தில், அந்தச் சின்னக் கைத்தடத்தின் மேலும் ஒரு துண்டு ஒட்டினான்.

"என்ற கையும் குறையாப்பா?"

"செவுருன்னா வழவழன்னு இருக்கோணும் கண்ணு" என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த அறைக்குப் போய்விட்டான். அவ்வளவுதான். அடித்தானா, திட்டினானா, ஒன்றும் இல்லை. பிள்ளையும் அதை அப்போதே மறந்து டேப்பைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு ஆடினாள்.

பில்டர் யாரையும் அனுப்பவில்லை. சுவரில் விரிசல் விட்டது, விட்டது ஆறவும் இல்லை. விசாரித்ததில் உண்மை வெளிவந்தது. பூச்சு காய்கிற சமயத்தில் நுண்ணுயிர்களுக்கு ஊற்ற வேண்டிய தீனியைப் பில்டர் கம்பெனி ஊற்றவே இல்லை, மிச்சம் பிடித்துவிட்டது. சுவர் பிறந்ததிலிருந்து தூங்கிக்கொண்டிருந்தது. மேல்வீட்டில் இரட்டைப் பிள்ளைகள் விளையாடுகிற பால்கனி அடியில் விரல் நுழைகிற விரிசல். நவநீதன் மொத்தக் கட்டடத்துக்காகவும் வீட்டுக்குறைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டான்.

ஐப்பசி மழையில் தாரிகாவுக்குக் காய்ச்சல் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு ரசம் சாதம் கேட்ட பிள்ளை, ஒரு வாரம்கூட ஆகவில்லை, போய்விட்டாள். டாக்டர்கள் முடிந்ததைச் செய்தார்கள். யாரையும் நோக முடியாத சாவு. அது இன்னும் கொடுமை. ஆணி அடிக்கக் கூடாது என்பதால் அவள் படத்தை ஃப்ரிட்ஜ் மேல் சாத்தி வைத்தார்கள்.

காரியம் முடிந்த கையோடு நவநீதன் தீர்ப்பாயத்துக்குப் போனான். போகாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டும், அதற்கு அவனால் ஆகவில்லை. வக்கீல் வைக்காமல் பேய் பிடித்தவன் மாதிரி தானே வாதாடினான். தை மாதம் ஜெயித்தான். டேப் ஒட்டிய அத்தனை குறைகளையும் கம்பெனி தன் செலவில் சரிசெய்ய வேண்டும், சுவரை விழிக்க வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. குடியிருப்போர் சங்கம் அவனுக்கு மாலை போட்டது. மேல்வீட்டு அம்மாள் அந்த இரட்டைப் பிள்ளைகளையும் காலில் விழச் சொன்னாள். அவன் பதறி விலகினான்.

டேங்கர் வந்தது. சுவரில் பொடித் துளைகள் போட்டுத் தீனியை ஏற்றினார்கள். வேலையாட்கள் அதற்கு வைத்திருந்த பெயர் கஞ்சி. வீடு முழுக்கப் புளித்த வாசம். விரிசல்கள் ஒவ்வொன்றாக மூடின. நவநீதன் விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டினான், டேப்பை உரித்துக்கொண்டே வந்தான். சுவருக்குக் கீறல் எது, பிள்ளையின் கை எது என்று தெரியாது என்பது அந்தப் பெரிய வக்கீலுக்கு அதுவரை உறைக்கவில்லை.

சிந்துஜாதான் சொன்னாள். மருந்துக்கடை வேலை முடிந்து வந்து, சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தவள், சோற்றுக்கு உப்புப் போதவில்லை என்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்: "ஏனுங்க, பாப்பா கை சிறுசாயிட்டே வருது."

மறுநாள்தான் அவன் பில்டர் ஆபீசுக்குப் போய் அப்படி நின்றது.

ஆபீசில் அவன் நின்ற கோலத்தைக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். ரிஸ்வான், உயிர்ப்பூச்சுப் பிரிவில் இன்ஜினியர், உக்கடத்துப் பையன். படி இறங்கியவனைப் பின்தொடர்ந்து வந்து எதிர் பேக்கரிக்கு அழைத்துப் போனான். டீயும் தேங்காய் பன்னும் வந்தன. நவநீதன் எதையும் தொடவில்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

ரிஸ்வான் டீ டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தான். "எனக்கும் பொண்ணு இருக்குங்கணா. நா வந்து பாக்கறேன். கம்பெனிக்குத் தெரிய வேண்டாம்."

சிந்துஜா வேலைக்குப் போயிருந்த மதியத்தில் அவன் கையடக்கக் கருவி ஒன்றைக் கொண்டு வந்தான். சுவரில் வைத்தால், உள்ளே இருப்பவை தூங்குகின்றனவா விழித்திருக்கின்றனவா என்று அது காட்டும். படுக்கையறைச் சுவர் பச்சை. சமையலறை பச்சை. ஹால் சுவரிலும் பச்சையே காட்டிக்கொண்டு வந்தது. கைத்தடத்தின் அருகே வந்ததும் சிவந்தது.

"கஞ்சி தீந்து நாளாச்சுங்கணா. மத்த செவுரெல்லாம் தூங்கிருச்சு. இந்த எடம் மட்டும் முழிச்சுட்டு இருக்கு."

"ஏன்?"

"தெனமும் யாரோ தீனி போடறாங்க."

"இந்த வீட்டுல யாரு கஞ்சி ஊத்தறா? நாங்க ரெண்டே பேருதான்."

"கஞ்சியே வேணும்னு இல்லீங்கணா. ஒடம்புச் சூடு, வேர்வை, கையில இருக்கற ஈரம். இதுகளுக்கு அதுவே விருந்து." ரிஸ்வான் அவன் முகத்தைப் பார்க்காமல் கருவியை அணைத்தான். "அக்கா இதுல கை வெப்பாங்களா?"

தினமும் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் சிந்துஜா அந்தச் சுவரோரம் போய் உட்காருவது நவநீதனுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து அவன் பால்கனிக்குப் போய்விடுவான். அவள் அங்கே என்ன செய்கிறாள் என்று திரும்பிப் பார்க்க ஒரு நாளும் அவனுக்குத் துணிவு வந்ததில்லை.

"உப்புத் தண்ணி அடிச்சாச் செத்துரும்னு படிச்சேன்" என்றான் கடைசியில்.

"செத்துரும். ஆனா இந்தக் கையோட நிக்காதுங்கணா. மேலயும் கீழயும் ஒரே பூச்சு, ஒட்டுக்காப் பரவும். மேல்வீட்டு பால்கனியை இப்ப இதுகதான் புடிச்சிட்டு இருக்கு."

மேலே இரட்டைப் பிள்ளைகள் தடதடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. நவநீதன் அதற்குப் பிறகு உப்பைப் பற்றிப் பேசவில்லை.

"வேற வழி இருக்கு" என்றான் ரிஸ்வான். "யாரும் தொடாம விட்டாப் போதும். அதுவாக் காஞ்சு தூங்கிரும். இப்ப எவ்வளவு இருக்கோ அப்படியே நிக்கும். நாம போன பொறகும் நிக்கும். ஒரு கண்ணாடி மூடி போட்டுருங்க."

போவதற்கு முன் மாவு மாதிரி எதையோ பிசைந்து தடத்தில் அழுத்தி அச்சு எடுத்தான். வார்த்துக் கொண்டுவருவதாகச் சொன்னான். நவநீதனுக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது. கைகுலுக்கி மட்டும் அனுப்பினான்.

அன்று சாயங்காலம் அவன் பால்கனிக்குப் போகவில்லை. சிந்துஜா வந்தாள், கைப்பையை வைத்தாள், கை கழுவினாள். துடைக்காமலே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். உள்ளங்கையைத் தடத்தின் மேல் வைத்துக் கண்ணை மூடினாள்.

"சிந்து, கையை எடு."

அவள் எடுக்கவில்லை.

"சொன்னாக் கேளு. நீ தொடத் தொடத்தான் அது மூடுது. இன்ஜினியர் வந்து பாத்தாரு. தொடாம விட்டா அப்படியே இருக்குமாம். எத்தனை வருசமானாலும் இருக்குமாம்."

"தெரியும்ங்க."

"என்ன தெரியும்?"

"நா தொடறதுனாலதான் மூடுதுன்னு தெரியும். ஊருக்குப் போயிருந்தமே, அத்தை வீட்டுல நாலு நாள், திரும்பி வந்து பாத்தா அப்படியே இருந்துச்சு. நா தொட்டதுக்கு மறுநாள் பாத்தாக் கொறைஞ்சிருந்துச்சு. மருந்துக்கடையில வேலை செய்யறவளுக்கு இதுகூடத் தெரியாதா?"

நவநீதனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆபீசில் போய்ப் பிச்சைக்காரன் மாதிரி நின்றதும், உப்பைப் பற்றி யோசித்த பாவமும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. "தெரிஞ்சுமா அழிக்கற? அவ கை இது ஒண்ணுதான்டி நமக்கு மிச்சம். உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா?"

சிந்துஜா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சண்டை இல்லை.

"நீங்க இதைத் தொட்டுப் பாத்திருக்கீங்களா?"

அவன் பால்கனிக் கதவைப் பார்த்தான்.

"ஒருக்காவாச்சும்? ஊர்ல இருக்கற விரிசலையெல்லாம் தடவிப் பாத்தீங்களே, இதைத் தொட்டீங்களா?"

"என்னால முடியல சிந்து."

"இங்க வாங்க."

அவன் போகவில்லை. அவளே எழுந்து வந்து, அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் உட்கார வைத்தாள். முதலில் அவன் கையைத் தடத்திலிருந்து சற்று விலக்கி, வெறும் சுவரில் வைத்தாள். சில்லென்று இருந்தது. பிறகு தடத்தின் மேல் வைத்தாள்.

கதகதப்பாக இருந்தது.

விழித்திருக்கும் உயிர்கள் வேலை செய்கிற சூடு. வேறொன்றும் இல்லை, அவனுக்கு அது தெரியும். ரிஸ்வான் சொல்லியிருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பான். ஆனால் அந்தச் சூடு தாரிகாவின் கைச்சூடு. ரோட்டைக் கடக்கும்போது அவன் விரலைப் பிடித்துக்கொள்வாளே, அந்த அளவு, அதே சூடு. நவநீதன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். சிந்துஜா விடவில்லை.

"கண்ணாடி போட்டு மூடலாங்க. இருக்கும். ஆனா சில்லுனு போயிரும். ஒருக்கா அவ கை சில்லுனு போனதை நா புடிச்சுப் பாத்துட்டேன். மறுக்கா என்னால முடியாது."

அவன் அழுதான். பிள்ளை போன அன்றுகூட ஆட்களுக்குச் சாப்பாடு, வண்டி என்று ஓடிக்கொண்டிருந்தவன், இப்போது சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். "என்ற கையும் குறையாப்பான்னு கேட்டா சிந்து. இல்லடா தங்கம்னு நா சொல்லல. டேப்பை ஒட்டிட்டுப் போயிட்டேன்."

இதற்கு அவள், 'அப்படியெல்லாம் நினைக்காதீங்க' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "கேட்டுச்சு. நா சமையல்கட்டுல நின்னுட்டு இருந்தேன். ஒடனே வந்து அந்த டேப்பைப் பிச்சு எறிஞ்சிருக்கோணும். ஏதோ வெளையாட்டுன்னு நானும் விட்டுட்டேன். அவ போன பொறகுதான் பிச்சேன்" என்றாள்.

அதன் பிறகு சாயங்காலங்களில் இருவரும் சேர்ந்தே உட்கார்ந்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் கை வைத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் வெகுநாள் கழித்துப் பிள்ளையைப் பற்றிப் பேசினார்கள். விழுந்த பல்லை அவள் ஸ்கூல் பையில் ஒளித்து வைத்தது, ரசத்துக்கு 'காரத் தண்ணி' என்று பெயர் வைத்தது, எல்லாம். ரிஸ்வான் அச்சை வார்த்துக் கொண்டுவந்து கொடுத்தான். வெள்ளையாக, மடங்கிய சுண்டுவிரல் உட்பட எல்லாம் கச்சிதமாக இருந்தது. சிந்துஜா அவனுக்கு நன்றி சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிட்டு, அதைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தாள். ஏன் என்று நவநீதன் கேட்கவில்லை. அவனும் அதைத் தொட்டுப் பார்த்திருந்தான்.

தடம் ஆழம் குறைந்துகொண்டே வந்தது. முதலில் விரல் நுனிகள் போயின. பிறகு உள்ளங்கை மேடானது. கடைசியில் சுண்டுவிரல் மடங்கிய இடத்தில் ஒரு சின்னக் குழி, அரிசி அளவு. சிந்துஜா அதன் மேல் ஆள்காட்டி விரலை மட்டும் வைப்பாள். வைகாசியில் ஒரு நாள் அதுவும் மட்டமாகிவிட்டது. அப்போதும் கொஞ்ச நாள் லேசாகக் கதகதப்பு இருந்தது, அல்லது இருந்ததாக இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அடைக்க ஒன்றும் இல்லாத சுவர் எவ்வளவு தொட்டாலும் விழித்திருக்காது. பிறகு உட்கார்வது நின்றது. நவநீதன் மறுபடி பால்கனிக்குப் போக ஆரம்பித்தான். சிந்துஜா கடையில் கூடுதல் நேரம் வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் சுவரைத் தட்டிப் பார்த்து, "என்ன வழவழப்பு!" என்று பாராட்டினார்கள்.

அடுத்த ஆடி பிறந்தபோது கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். புது ஆள், கழுத்தில் அடையாள அட்டை, கையில் பச்சை ஸ்டிக்கர் கட்டு. தீர்ப்பாயத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டுமாம். சரிசெய்த ஒவ்வொரு இடத்திலும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிப் படம் எடுத்துக்கொண்டே வந்தார். நவநீதன் கூடவே நடந்து காட்டினான். ஜன்னல் ஓரம், தரை மூலை, கதவு நிலை. ஓர் இடம்கூட அவனுக்குத் தப்பவில்லை.

"ஒண்ணே ஒண்ணுதான் சார் பாக்கி. ஹால் சுவர், கையளவுப் பள்ளம்." அவர் சுவரை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். "அடேயப்பா, சுத்தமா மூடிருச்சு. இருந்த எடமே தெரியல. எங்கீங்க சார் இருந்துச்சு?"

நவநீதன் குனிந்தான். சந்தேகமே இல்லாமல் ஓர் இடத்தில் விரலை வைத்தான். "இங்க."

சமையலறையிலிருந்து சிந்துஜா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "அங்க இல்லீங்க" என்றாள். அவளும் மண்டியிட்டுச் சுவரில் விரலை வைத்தாள். "இங்க."

இரண்டு விரலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது.

நவநீதன் அவளைப் பார்த்தான். அவள் முகத்திலும் சந்தேகம் இல்லை. அவன் மற்றக் கையால் அவள் விரலைச் சுற்றித் தடவிப் பார்த்தான், பிறகு தன் விரலைச் சுற்றி. கண்ணுக்குத் தெரியாத கீறலைக் கண்டுபிடிக்கிற விரல்கள். இரண்டு பக்கமும் ஒரே வழவழப்பு, ஒரே குளிர்ச்சி.

"ரெண்டுல எது சார்?"

அவர் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். அப்புறம் தோளைக் குலுக்கிவிட்டு, நடுவில் இருந்த அந்த ஒரு சாண் இடத்தில் பச்சை ஸ்டிக்கரை ஒட்டிப் படம் எடுத்துக்கொண்டார். "வேலை நல்லா முடிஞ்சிருக்குங்க" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

லிப்ட் இறங்குகிற சத்தம் கேட்டு அடங்கியது. இருவரும் அப்படியே மண்டியிட்டிருந்தார்கள். யாரும் விரலை எடுக்கவில்லை. எடுத்துவிட்டால் அந்த இடத்தை மறுபடி எப்படிக் கண்டுபிடிப்பது?